உப்பெடுத்த பிறகும் ஓயாத வேலை

போலந்தின் கிராக்கோவ் நகருக்குப் போகிறவர்கள் வியெலிச்கா உப்புச் சுரங்கத்தை விட்டுவைப்பதில்லை. நகருக்குத் தென்கிழக்கே சிறிது தூரம்தான். உள்ளூர் ரயிலிலேயே போய்விடலாம். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 17 லட்சம் பேருக்கு மேல் இந்தச் சுரங்கத்தில் இறங்கி ஏறியிருக்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் காட்டும் படங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் எடுத்தவை: தரைக்குக் கீழே 101 மீட்டர் ஆழத்தில் உப்புப் பாறையைக் குடைந்து செய்த புனித கிங்கா சிற்றாலயமும் அதன் கூரையிலிருந்து தொங்கும் உப்புப் படிகச் சரவிளக்குகளும். விளம்பரத் தாளிலும் அதுதான், அஞ்சலட்டையிலும் அதுதான். அந்தச் சிற்றாலயம் பார்க்கத் தகுந்தது என்பதில் சண்டையில்லை. ஆனால் வியெலிச்காவின் தலையாய அதிசயம் அதுதான் என்பதை நான் ஏற்கவில்லை. எழுநூறு ஆண்டுகள் தோண்டிய ஒரு பொந்து இடிந்து விழாமலும் நீரில் கரையாமலும் இன்றுவரை நிற்கிறதே, அங்கே முதலில் காண வேண்டியது அதைத்தான். அதை நிற்கவைக்கும் மரமுட்டுகளும் காற்றுக் கதவுகளும் உப்புநீர் வாய்க்கால்களும் சுற்றுலாப் பாதை நெடுகக் கண்ணெதிரேதான் இருக்கின்றன. பார்க்கச் சொல்லி யாரும் நிறுத்துவதில்லை, அவ்வளவுதான். 1996இல் இங்கே வணிகத்துக்காக உப்பு வெட்டுவது நின்றது. சுரங்க வேலை நிற்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு இறங்குகிறவர் வழக்கமான பயணி பார்ப்பதைவிட இரண்டு மடங்கு பார்ப்பார்.

உப்பு இங்கே வந்த விதத்துக்கு ஒரு கதை உண்டு. ஹங்கேரி அரசர் நான்காம் பேலாவின் மகள் கிங்கா, கோமகன் போலெஸ்வாவை மணந்து போலந்துக்கு வரும்முன், தாய்நாட்டு உப்புச் சுரங்கம் ஒன்றில் தன் மோதிரத்தைப் போட்டுவிட்டு வந்தாளாம். போலந்தில் அவள் காட்டிய இடத்தில் தோண்டியபோது முதலில் கிடைத்த உப்புக் கட்டிக்குள் அதே மோதிரம் இருந்ததாம். சீதனமாக உப்பு வந்த கதை. சுற்றுலாப் பாதையில் ஒரு கூடம் முழுக்க இந்தக் காட்சியை உப்புச் சிலைகளாக நிறுத்தியிருக்கிறார்கள். மண்ணுக்கடியில் கிடைக்கும் சான்றுகளோ வேறு சொல்கின்றன. கிங்கா பிறப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, புதிய கற்காலத்திலேயே, இந்த வட்டாரத்து மக்கள் உப்பு ஊற்றுகளின் நீரைக் காய்ச்சி உப்பெடுத்திருக்கிறார்கள். ஊற்றுகள் வற்றத் தொடங்கியபோது கிணறு வெட்டினார்கள். கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டே போனபோது 13ஆம் நூற்றாண்டில் பாறை உப்பு தட்டுப்பட்டது. முதலில் அருகிலுள்ள போக்னியாவில், பிறகு வியெலிச்காவில். தண்ணீரைத் துரத்திக்கொண்டு கீழே போனவர்களுக்கு உப்பு கிடைத்தது என்பதுதான் உண்மையான தொடக்கம். அதன் பிறகு இந்த உப்பு ஓர் அரசையே தாங்கியது. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் காசிமிர் அரசரின் கருவூல வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உப்பிலிருந்து வந்தது என்று கணக்கிடுகிறார்கள். 1364இல் அவர் நிறுவிய கிராக்கோவ் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் வியெலிச்கா உப்பு வருமானத்திலிருந்து தரப்பட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். 1368இல் சுரங்க நிர்வாகத்துக்கென்றே சட்டம் வகுத்தார். பிற்காலத்தில் கோப்பர்நிக்கஸ் படித்தது அந்தக் கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில்தான். மாணவராக இருந்தபோது அவர் இந்தச் சுரங்கத்தைப் பார்க்க வந்தார் என்று அங்கே சொல்வார்கள். 1973இல், அவர் பிறந்த 500ஆம் ஆண்டையொட்டி, அவருக்கு உப்பிலேயே ஒரு சிலை வடித்து வைத்தார்கள்.

தமிழ் வாசகருக்கு உப்பு என்றதும் நினைவுக்கு வருவது தூத்துக்குடியும் வேதாரண்யமும். அங்கே கடல்நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் வற்றவைத்து, வாரிக் குவிக்கிறோம். மழைக்காலத்தில் பாத்தி அழிகிறது. மழை விட்டதும் மறுபடி வரப்புக் கட்டித் தளம் மிதித்தால் அடுத்த பருவம் தொடங்கிவிடும். உப்பளம் தன் பின்னால் எதையும் விட்டுவைப்பதில்லை. சுரங்கம் அப்படியல்ல. வெட்டியெடுத்த ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு காலி இடம் உள்ளே மிச்சமாகிறது, அந்தக் காலி இடத்தின் மேல் மண்ணும் பாறையும் ஊரும் உட்கார்ந்திருக்கின்றன. இந்துப்புக்குப் பேர்போன பாகிஸ்தானின் கியூராச் சுரங்கத்தில் 1872இலிருந்து ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறார்கள்: பாதி உப்பை வெட்டுவது, பாதியைத் தூண்களாக விட்டுவைப்பது. உப்பே உப்புக்கு முட்டுக் கொடுக்கிறது. வியெலிச்காவில் நிலம் அதற்கு இடம் தரவில்லை. சுமார் 1 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த கடல் வற்றிப் படிந்த உப்பைக் கார்பேத்திய மலைகள் தெற்கிலிருந்து நெருக்கித் தள்ளின. அதில் மேல்பகுதி உடைந்து, களிமண்ணுக்குள் ஆங்காங்கே பெரும் கட்டிகளாகச் சிதறிக் கிடக்கிறது. கீழ்ப்பகுதி மட்டும் மடிந்த அடுக்குகளாக இருக்கிறது. கட்டி கிடைத்த இடத்தில் அதை முழுதாகக் குடைந்தெடுத்துவிட்டு அடுத்த கட்டியைத் தேடிப் போனார்கள். அதனால்தான் கூடங்களுக்கு ஒழுங்கான வடிவம் இல்லை. 9 தளங்கள், 327 மீட்டர் ஆழம், சுமார் 245 கிலோமீட்டர் நீளப் பாதைகள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கூடங்கள். பயணிகள் நடப்பது மூன்றரைக் கிலோமீட்டர். நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை.

வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. மொழிவாரியாகக் குழு பிரித்து, டானிவோவிச் என்ற 17ஆம் நூற்றாண்டு இறங்குகுழியின் மரப் படிக்கட்டு வழியாக அனுப்புகிறார்கள். முதல் தளத்துக்கு 64 மீட்டர்; அதற்குச் சுமார் 380 படிகள். மொத்தப் பயணத்தில் 800 படிகள் உண்டு என்றாலும், முழங்காலைச் சோதிப்பது இந்த முதல் இறக்கம்தான். கீழே வந்ததும் ஆண்டு முழுவதும் மாறாத 17, 18 டிகிரிக் குளிர். சுவர்கள் வெள்ளையாக இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாறுவார்கள்: அடர்ந்த சாம்பல் நிறம், விளக்கு படும் இடத்தில் லேசான பச்சை, கருங்கல் போன்ற தோற்றம். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்; நக்கிப் பார்க்கச் சொல்லி வழிகாட்டிகளே சிரிக்கச் சிரிக்கச் சொல்வதுண்டு. எத்தனை பேர் நக்கிய சுவர் என்று யோசிக்காதவரைக்கும் நல்லது. இந்தத் தொடக்கத்தில் கவனிக்க வேண்டியது கதவுகளை. பாதையின் குறுக்கே அடுத்தடுத்துக் கனமான கதவுகள் வருகின்றன. குழு முழுவதும் உள்ளே வந்து, பின்னால் உள்ள கதவைச் சாத்திய பிறகே முன்னால் உள்ளதைத் திறக்கிறார்கள். பயணிகளுக்கு இது வீண் தாமதமாகத் தெரியும். உண்மையில் இந்தச் சுரங்கத்தின் உயிர் அந்தக் கதவுகளின் கையில் இருக்கிறது. அதற்குச் சான்று முதல் தளத்திலேயே, இறங்குகுழிக்குப் பக்கத்திலேயே காத்திருக்கிறது.

புனித அந்தோணியார் சிற்றாலயம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் உப்பில் குடைந்தது. அங்கே முதல் திருப்பலி 1698இல் நடந்தது. பீடம், தூண்கள், புனிதர் உருவங்கள் எல்லாமே உப்பு. இன்று அந்தப் புனிதர்களுக்கு முகமில்லை. மூக்கும் உதடும் வழிந்து போய், தோள் சரிந்து, அங்கியின் மடிப்புகள் மழுங்கி, உருவம் இருந்த இடத்தில் வழவழப்பான மேடுகள் மட்டும் நிற்கின்றன. இதை யாரும் உடைக்கவில்லை, காற்று தின்றது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு கரையத் தொடங்கும். இது உப்பின் இயல்பு. நம் அடுப்படியில் ஆடி மாதம் போய் ஐப்பசி வந்ததும் உப்பு ஜாடி நசநசப்பதும் இதனால்தான். கோடையில் வெளியே இருக்கும் வெப்பமான காற்று இறங்குகுழி வழியாகச் சுரங்கத்துக்குள் வந்து குளிரும்போது அதன் ஈரப்பதம் ஏறுகிறது, படும் இடமெல்லாம் கரைகிறது. குளிர்காலத்தில் நேர்மாறு: வெளியிலிருந்து வரும் குளிர்ந்த காற்று உள்ளே சூடாகி வறண்டுபோகும், அப்போது சுவரில் கசியும் உப்புநீர் வற்றிப் புதிய உப்பு பூக்கும். முந்நூறு ஆண்டுகளாக ஒவ்வொரு கோடையும் அந்தோணியார் ஆலயத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. இறங்குகுழிக்கு அருகில் இருந்ததால் அதற்கு இந்தக் கதி; கதவுகளுக்கு அப்பால் உள்ளே தள்ளியிருக்கும் கூடங்கள் தப்பின. காற்றை எங்கே விடுவது, எங்கே தடுப்பது, எவ்வளவு உலர்த்தி அனுப்புவது என்பதுதான் இங்கே பாதுகாப்பு வேலையின் பாதி.

யுனெஸ்கோ 1978இல் உலகப் பாரம்பரியப் பட்டியலைத் தொடங்கியபோது முதலில் சேர்த்த 12 இடங்களில் வியெலிச்காவும் ஒன்று. பதினோரு ஆண்டுகளில், 1989இல், அதே யுனெஸ்கோ இதை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. காரணம் போரோ நிலநடுக்கமோ அல்ல, ஈரக்காற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செயற்கைக் காற்றோட்டம் வந்ததும் வெளிக்காற்று அளவுக்கு மீறி உள்ளே வந்து சிற்பங்களை அரித்தது. ஈரம் நீக்கும் இயந்திரங்களைப் பொருத்தி நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு 1998இல் அந்தப் பட்டியலிலிருந்து விடுபட்டது. 2013இல் போக்னியாச் சுரங்கமும் வியெலிச்காவின் உப்பு நிர்வாகக் கோட்டையும் இதே பாரம்பரிய இடத்தோடு சேர்க்கப்பட்டன. இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஆண்டுக்குப் பதினேழு லட்சம் பேர் உள்ளே மூச்சுவிட்டு வியர்த்து நடந்தால் ஈரம் கூடாதா? உப்பைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பயணிகளை நிறுத்திவிட்டு கதவை ஒரேயடியாகச் சாத்துவதல்லவா சரி? கூட்டம் ஈரத்தைக் கொண்டுவருகிறது என்பது உண்மைதான். ஆனால் சாத்திவிட்டுப் போனால் உப்பு காப்பாற்றப்படும் என்பது தவறான கணக்கு. ஆளில்லாத உப்புச் சுரங்கம் உறைந்து நிற்காது. நீர் இறைக்க ஆளில்லாமல் அடித்தளத்திலிருந்து நிரம்பும். முட்டு மாற்ற ஆளில்லாமல் கூரை இறங்கும். இதற்குப் பின்னால் வரும் கூடங்களே சாட்சி.

அந்தோணியார் ஆலயத்துக்கும் கிங்கா சிற்றாலயத்துக்கும் இடையில் வருபவை வேலையின் கதையைச் சொல்லும் கூடங்கள். ஒன்றில், ஈரத்துணி போர்த்தித் தரையோடு ஊர்ந்து போகும் மனித உருவங்கள், கையில் நீண்ட கம்பும் அதன் நுனியில் நெருப்பும். கூரையில் சேரும் மீத்தேன் வாயு பெருகி வெடிக்கும்முன், அளவு குறைவாக இருக்கும்போதே எரித்துவிடுவது இவர்கள் வேலை. ஊர்ந்து போகும் கோலத்தைப் பார்த்து இவர்களைத் தவம் செய்கிறவர்கள் என்று அழைத்தார்கள். இன்னொரு கூடத்தில், குதிரைகள் சுற்றிச் சுற்றி இழுத்த பெரிய மர இராட்டினம்: உப்புக் கட்டியை மேல்தளத்துக்குத் தூக்க இதுதான் வழி. உள்ளே இறக்கிய குதிரைகளுக்கு அங்கேயே லாயம், அங்கேயே தீனி. கடைசிக் குதிரை வெளியே வந்தது 2002இல்தான் என்பதைக் கேட்கும்போது சற்று அதிர்ச்சியாகத்தான் இருக்கிறது. காட்சிக்கு வைத்த பொம்மைகள் இந்த உழைப்பின் கடுமையைக் குறைத்துக் காட்டுகின்றன என்று குறைசொல்பவர்கள் உண்டு. அது சரியான குறைதான். மெழுகு முகமும் பதிவுசெய்த குரலும் வலியைக் காட்டாது. ஆனால் இராட்டினத்தின் அச்சைத் தொட்டுப் பாருங்கள். தேய்மானம் பொம்மையிலிருந்து வந்ததல்ல.

இனி கிங்கா சிற்றாலயம். மேலே உள்ள மாடத்திலிருந்து பார்க்கும்போதே அளவு புரிந்துவிடும்: 54 மீட்டர் நீளம், 12 மீட்டர் உயரம். தரையில் பதித்த ஓடுகள் போலத் தெரிபவை ஓடுகள் அல்ல. உப்புப் பாறையின் மேலேயே கோடு வெட்டிப் பளபளப்பாக்கியது. பலமுறை கரைத்துப் படியவைத்த தெளிந்த உப்பால் செய்த படிகங்கள் சரவிளக்குகளில் தொங்குகின்றன. சுவரில் இறுதி இராவுணவுக் காட்சி, சில அங்குல ஆழமே உள்ள புடைப்புச் சிற்பமாக. மேசையும் கூரையும் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருப்பதுபோல ஒரு தோற்றம். இதையெல்லாம் செய்தவர்கள் கலைக்கல்லூரிச் சிற்பிகள் அல்லர். யூசெஃப் மார்கோவ்ஸ்கி 1896இல் தொடங்கினார். அவர் தம்பி தோமாஷ் தொடர்ந்தார். அதன் பிறகு அந்தோனி விரோடெக் 1963வரை செதுக்கினார். மூவரும் சுரங்கத் தொழிலாளிகள். 1999இல் உப்பிலேயே போப் இரண்டாம் ஜான் பாலின் சிலையும் சேர்ந்தது. கிங்காவைப் புனிதராக அறிவித்த போப் அவர், அதே ஆண்டில். ஞாயிறுகளில் இங்கே திருப்பலி நடக்கிறது. இவ்வளவு அருமையான கலையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மரக்கட்டையைப் பார் என்கிறாயே, இது அடம்பிடிப்பல்லவா என்று ஒருவர் கேட்கலாம். சிற்றாலயத்தை நான் பின்னுக்குத் தள்ளவில்லை. அது எதனால் ஆனது என்று பார்க்கச் சொல்கிறேன். பெரிய பச்சை உப்புக் கட்டி ஒன்றை எடுத்த பிறகு மிஞ்சிய காலி இடம் அது. சுவரின் வலுவை அறிந்தவன், எங்கே எவ்வளவு வெட்டினால் கூரை நிற்கும் என்று கைப்பழக்கத்தில் தெரிந்தவன்தான் அங்கே உளியை வைத்திருக்க முடியும். சிற்பத் திறமையும் சுரங்கத் திறமையும் அங்கே ஒரே கையில் இருந்தன. மேலே, முதல் தளத்தில், முகமிழந்து நிற்கும் புனிதர்களைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இன்னொன்றும் தெரியும்: காற்றைக் கவனிக்காமல் விட்டால் இந்த இறுதி இராவுணவும் அதே பாதையில்தான் போகும்.

சிற்றாலயத்துக்குப் பிறகு சிறிது தூரத்தில் மிஹாவோவித்சே கூடம். 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிச் சுமார் நூறு ஆண்டுகள் இங்கே வெட்டினார்கள். கூடத்தின் உயரம் ஏறத்தாழ 35 மீட்டர், பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றை உள்ளே நிறுத்தலாம். கூரையைத் தாங்குவது மரம். மரத்தூண்களும் குறுக்கு விட்டங்களும் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய மேடைகளும் தரையிலிருந்து கூரைவரை ஏறுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை இது. படிக்கட்டு இந்த அடுக்குகளுக்கு ஊடாகவே இறங்குவதால் முட்டுகளை மிக அருகில் பார்க்க முடியும். இரும்பு ஏன் இல்லை என்ற கேள்வி பலருக்கு வரும். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்து உதிரும். மரம் உப்பை உறிஞ்சிக்கொண்டு கெட்டிப்படும், பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. இன்னொரு காரணம் உப்பின் குணத்தில் இருக்கிறது. அழுத்தம் தாங்கும் உப்புப் பாறை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இளகி நகரும், குடைந்த கூடம் தானாகவே சுருங்கப் பார்க்கும். மரம் அந்த நகர்வுக்கு இணங்கி வளையும், நசுங்கும், முனகும். ஆபத்தை முன்கூட்டிச் சொல்லிவிடும். அப்படி நசுங்கிய கட்டைகள் சில இடங்களில் பாதி தடிமனுக்கு வந்திருப்பதைக் காணலாம். அவற்றை மாற்றுவது சுரங்கத் தச்சர்களின் அன்றாட வேலை. ஒரு தூணை உருவி வேறு தூணை வைக்கும்வரை அந்தப் பாரத்தை எங்கே ஏற்றுவது என்ற கணக்கு சிற்பக்கலையைவிட எளிதல்ல. சிற்றாலயத்தில் வாய் பிளந்து நின்ற கூட்டம் இங்கே கண்ணைக்கூட உயர்த்தாமல் படியிறங்கிப் போவதுதான் எனக்குப் பெரிய குறை.

கண்ணுக்குத் தெரியாத எதிரி நீர். பாதையோரத்தில் சிறு வாய்க்கால்களில் ஓடும் உப்புநீர் பிரச்சினையில்லை; ஏற்கெனவே உப்பு நிறைந்திருப்பதால் அது மேலும் கரைக்காது. சுற்றுலாப் பாதையில் உள்ள ஏரிகளிலும் லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் உப்பு. பயப்பட வேண்டியது நல்ல தண்ணீருக்கு. 1868இல் பொட்டாசிய உப்பைத் தேடி எல்லை தாண்டித் தோண்டியபோது நீர் பாய்ந்து கீழ்த்தளங்கள் மூழ்கின. அது பழைய காலத்து அறியாமை என்று தள்ளிவிட முடியாதபடி 1992 ஏப்ரலில் மினா என்ற குறுக்குச் சுரங்கத்தில் நீரும் மணலும் பீறிட்டன. மண் கரைந்து வந்ததால் மேலே ஊரில் தரை இறங்கியது. ரயில் பாதை வளைந்தது, பழைய துறவு மடத்தின் சுவர்களில் விரிசல் விட்டது. உப்பு விலை இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் வந்த இந்த அடிக்குப் பிறகு, 1996இல் உப்பு வெட்டுவதை அடியோடு நிறுத்தினார்கள். கதவைச் சாத்திவிடலாமே என்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. மேலே ஒரு நகரம் குடியிருக்கிறது. கீழே ஊறும் நீரை நாள்தோறும் பிடித்து மேலேற்றியே தீரவேண்டும். அப்படி மேலேற்றும் உப்புநீரைக் காய்ச்சி இன்றும் உப்பெடுக்கிறார்கள். கற்காலத்தில் செய்ததும் அதுதான். காப்பாற்ற முடியாத, காப்பாற்றத் தேவையில்லாத கூடங்களை மணல் செலுத்தி அடைக்கிறார்கள். பாரம்பரியத்தை மணலால் மூடுவதா என்று முகம் சுளிப்பவர்கள், இரண்டாயிரம் கூடங்களையும் திறந்து வைத்திருந்தால் ஒன்றையும் காப்பாற்ற முடியாது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எதை வைத்திருப்பது, எதை மூடுவது என்று தேர்ந்தெடுப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. அதற்கான பணம் டிக்கெட்டிலிருந்தும் போலந்து அரசின் மானியத்திலிருந்தும் வருகிறது.

அடுத்த குற்றச்சாட்டு, இது சுரங்கமாக இல்லாமல் கேளிக்கைப் பூங்காவாகிவிட்டது என்பது. ஏரிக்கரையில் விளக்குகள் நிறம் மாறுகின்றன, ஷோப்பன் இசை ஒலிக்கிறது, 100 மீட்டருக்கும் கீழே உணவகமும் நினைவுப்பொருள் கடைகளும் இருக்கின்றன. கல்யாண விருந்துகூட நடத்தலாம். மிகை என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஏதோ முந்தாநாள் வந்த சீர்கேடு என்று இதைப் பேசுவது வரலாறு தெரியாத பேச்சு. 1772இல் ஆஸ்திரியா இந்தச் சுரங்கத்தைக் கைப்பற்றியதும் விருந்தாளிகளை அழைத்துவந்து காட்டுவது வழக்கமாயிற்று; 1774இலிருந்து பார்வையாளர் பதிவேடு இருக்கிறது. 1790இல் வந்தவர்களில் கவிஞர் கதேயும் ஒருவர். அந்தக் காலத்தில் ஒரு கூடத்தை நடனத்துக்கே ஒதுக்கியிருந்தார்கள், வாணவேடிக்கை காட்டினார்கள், நிலத்தடி ஏரியில் படகு விட்டார்கள். உப்பு வெட்டிய காலத்தில் பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் இருநூறு ஆண்டுகளாவது காட்சியும் உழைப்பும் பக்கத்துப் பக்கத்துக் கூடங்களில் நடந்திருக்கின்றன. என் முறைப்பாடு வேறொரு கூடத்தைப் பற்றியது. உயரமான ஸ்டாஷித்ஸ் கூடத்தைக் காட்டும்போது, இங்கே பலூன் பறக்கவிட்டதும் கயிறு கட்டிக் குதித்ததும் முதலில் பேச்சில் வந்துவிடுகின்றன. 1944இல் ஜெர்மானியர்கள் விமான உதிரிபாகத் தொழிற்சாலை அமைக்கவென்று யூதக் கைதிகளைக் கட்டாய வேலைக்குக் கொண்டுவந்ததும் இதே சுரங்கத்துக்குத்தான். பலூனுக்கு இரண்டு நிமிடம் என்றால் கைதிகளுக்கு ஐந்து நிமிடம் கொடுப்பது முறை.

வழிகாட்டிகளைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. இருட்டில், கிளைபிரியும் பாதைகளில், பல மொழி பேசும் கூட்டத்தைச் சிதறாமல் நடத்திச் செல்வதே பெரிய பொறுப்பு. பின்னால் அடுத்த குழு காலை மிதிக்கிறது. இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குள் இருபது கூடங்களையும் முடித்தாக வேண்டும். எதைக் காட்டினால் கூட்டம் நின்று பார்க்கும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும், அது சிற்பம்தான். மரமுட்டுக்கு முன்னால் நின்று விளக்கம் சொன்னால் பத்துப் பேர் கைபேசியை எடுப்பார்கள். ஆனாலும் இந்தச் சுற்றுலாவைத் திட்டமிடுகிறவர்கள் ஒரு கூடத்திலாவது, மிஹாவோவித்சேயிலாவது, தச்சர் எப்படி முட்டு மாற்றுகிறார் என்பதைக் காட்டினால் என்ன? பயணியின் டிக்கெட்டில் ஒரு பங்கு அந்தக் கட்டைக்குத்தான் போகிறது. எதற்குப் பணம் கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியவேண்டாமா? இது நடக்காத காரியமல்ல என்பதற்கு அங்கேயே முன்னுதாரணம் உண்டு. 14ஆம் நூற்றாண்டு ரெகிஸ் இறங்குகுழி வழியாகச் செல்லும் தனிப் பாதையில், பயணிகளுக்கு வேலை உடுப்பும் தலைக்கவசமும் விளக்கும் கொடுத்து, வாயு அளப்பது, வழி கண்டுபிடிப்பது, உப்பைக் கையாள்வது எனச் சிறு வேலைகளைச் செய்ய வைக்கிறார்கள். அங்கே சரவிளக்கு இல்லை, கூட்டமும் குறைவு.

முதன்மைப் பாதையின் முடிவில் இருக்கும் அருங்காட்சியகத்தையும் பலர் தவறவிடுகிறார்கள். ஓவியரும் ஆசிரியருமான அல்ஃபோன்ஸ் டுவுகோஷ் என்பவர், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கைவிடப்பட்ட பாதைகளில் தேடித் திரிந்து, பழைய தூக்கு இயந்திரங்களையும் கருவிகளையும் சேகரித்து, 1951இல் நிறுவியது அது. அவர் மட்டும் இல்லையென்றால் அந்த இராட்டினங்களில் பல விறகாகிப் போயிருக்கும். உலகில் வேறெங்கும் இவ்வளவு முழுமையாகக் காணக் கிடைக்காத மர இயந்திரங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் இரண்டு மணி நேரம் நடந்து களைத்தவர்கள் மேலே போகும் லிஃப்டைத் தேடித்தான் ஓடுகிறார்கள். சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று அமைத்த அந்த இருண்ட கூண்டில் தோளோடு தோள் உரசி நின்று, அரை நிமிடம்போல் விர்ரென்று ஏறி வெளியே வந்துவிடலாம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குழுவில் கடைசி ஆளாக நடங்கள். வழிகாட்டியின் பேச்சு கொஞ்சம் குறைவாகக் கேட்டாலும் நின்று பார்க்க அரை நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். அந்தோணியார் ஆலயத்தை அவசரப்படாமல் பாருங்கள், பிறகு கிங்கா சிற்றாலயத்தில் வேண்டிய மட்டும் படம் எடுங்கள், மிஹாவோவித்சே வந்ததும் கைபேசியை உள்ளே வைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துக் குளிர்காலத்தில் போனால் கூட்டம் குறைவு. டிக்கெட் எடுக்கும்போதே அருங்காட்சியகத்துக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள், அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நல்ல காலணி அவசியம்.